கல்லெறி மரமும் அக்கரை எண்ணெயும்

ஒரு காட்டில் மேகத்துக்கு வானத்தில் இருக்கப் பிடிக்காது. ஆனி மாதம் பிறந்தால் போதும், இறங்கி வந்து தரையில் படுத்துக்கொள்ளும். ஆவணி முடிகிறவரை எழுந்திருக்காது. படுத்திருக்குமே தவிர ஒரு சொட்டுப் பெய்யாது. அந்த மூன்று மாதமும் அங்கே பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நட்டநடுப் பகலில் தன் காலைத் தானே பார்க்க முடியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

மேகம் கலைகிறவரை குகையிலேயே கிடக்கலாம்தான். ஆனால் தண்ணீர் குடிக்காமல் எத்தனை நாள் கிடப்பது? அந்தக் காட்டில் இருந்தது ஒரே சுனை. சுனைக்குப் போக இருந்தது ஒரே பாதை. பாதையின் இரண்டு பக்கமும் புதைசேறு.

அந்தச் சேற்றுக்குக் காட்டார் வைத்த பெயர் 'வாய்'. கால் தவறி விழுந்தவரை அது அவசரப்பட்டுத் தின்னாது. மெல்ல மெல்ல விழுங்கும். விழுங்கி முடித்ததும் 'களக்' என்று ஒரே ஒரு குமிழி விடும். ஒரு வருஷம் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேகத்துக்குள் வழி தவறியது. அன்றைக்குப் பதினேழு குமிழிச் சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகுதான் பாதையோரப் பாறைக் குழிகளில் விளக்கு ஏற்றும் வழக்கம் வந்தது. திரிக்கு இலவம்பஞ்சு இருந்தது. நெருப்பைக் கருங்குரங்கு ஒரு கட்டையில் கங்காகக் காத்து வைத்திருந்தான். எண்ணெய் மட்டும் காட்டில் இல்லை. அது அக்கரையிலிருந்து வந்தது.

காட்டின் கிழக்கே ஒரு பெரிய ஆறு. அக்கரையில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எட்டு நாளைக்கு ஒரு முறை மேகத்துக்குள்ளிருந்து ஒரு மிதவை வரும். அதன் மேல் ஒரு குடம் எண்ணெய். குடத்தின் மேல் இரண்டு இறக்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு ஒரு நீர்க்காகம். மிதவையைத் தள்ளுகிறவர் யாரும் கண்ணில் பட மாட்டார். அது தானாக வரும். தானாகப் போகும்.

"வணக்கம். அனைவரும் நலம்தானே?" என்று நீர்க்காகம் கேட்கும். அவ்வளவு மரியாதை! கேட்கிறவர்களுக்கு முதுகில் பனி இறங்கும்.

அது விதித்திருந்த கட்டளை ஒன்றே ஒன்று. "எங்கள் எசமானருக்கு வெளிச்சம் ஆகாது. ஆகவே ஆற்றுத் துறையில் மட்டும் விளக்கு வைக்காதீர்கள்."

விளக்கு வைப்பதற்கு யாரிடம் எண்ணெய் மிஞ்சியது? சுனைப் பாதைக்கே பற்றாக்குறை. அதனால் துறை எப்போதும் இருட்டாகவே கிடந்தது.

முதல் வருஷம் எண்ணெய்க்குப் பதிலாக அது மாம்பழம் கேட்டது. கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம், "விடியற்காலையில் உங்கள் பறவைகள் கத்துவது எசமானரின் தூக்கத்தைக் கெடுக்கிறது" என்றது. பறவைகள் கத்துவதை நிறுத்திக்கொண்டன. பாட்டுச் சத்தமே இல்லாமல் ஒரு காடு விடிந்தால் எப்படி இருக்கும்? விடியாதது போலவே இருக்கும். அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் வருஷம், "எண்ணெய் ஆட்ட எங்களுக்கு ஆள் போதவில்லை" என்றது. முயல் போனான். அடுத்த தடவை கௌதாரி போனாள். அதற்கடுத்து காட்டுப்பன்றி போனான். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. எண்ணெய் மட்டும் தவறாமல் வந்தது.

இந்தக் காட்டில்தான் பூளை என்கிற சருகுமான் தன் கணவன் வாகையோடு ஒரு பாறை இடுக்கில் வாழ்ந்தாள். சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா? கொம்பு கிடையாது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. காலெல்லாம் குச்சி. பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்த குலம். பூளையோ தன் குலத்திலேயே முதல் பயந்தாங்கொள்ளி. ஒரு இலை உதிர்ந்தால் நாலு அடி துள்ளுவாள்.

ஆனால் அவள் மூக்கு இருக்கிறதே, அந்த மூக்குக்கு நிகரான மூக்கு காட்டில் கிடையாது.

முயல் போன பிறகு வந்த எண்ணெயில் விளக்கு ஏற்றியபோது பூளை சட்டென்று நின்றுவிட்டாள்.

"என்னங்க, இந்த விளக்குல நம்ம முயலோட வளை வாசனை வருதே!"

"சும்மா இரு. யார் காதிலயாவது விழப்போகுது" என்றான் வாகை.

கௌதாரி போன பிறகு வந்த எண்ணெயில் சுட்ட இறகின் வாசனை வந்தது. பன்றி போன பிறகு வந்த எண்ணெய் கெட்டியாக, வெள்ளையாக இருந்தது. பூளை அந்த விளக்குகளைத் தாண்டும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு எதுவோ புரிகிற மாதிரி இருந்தது. புரிந்துகொள்ளத்தான் பயமாக இருந்தது.

இப்படி இருக்கையில் ஆடி மாதம் ஒரு நாள் மிதவை வந்தது. நீர்க்காகம் கழுத்தை நீட்டி எல்லோரையும் ஒருமுறை மோந்து பார்ப்பது போலப் பார்த்தது.

"இந்த முறை கால் மெலிந்த ஒருவர் வேண்டும். அதோ, அந்தச் சருகுமான் இளைஞர் பொருத்தமாக இருப்பார். இன்று குடத்தை வைத்துவிட்டுப் போகிறேன். எட்டு நாள் கழித்து அடுத்த குடத்தோடு வருகிறேன். அவரைத் தயாராக வைத்திருங்கள்."

பூளை முன்னால் ஓடி வந்தாள். "தலைவரே! அனுப்பாதீங்க! போனவங்க ஒருத்தராவது திரும்பி வந்தாங்களா?"

காட்டின் தலைவர் கடம்பைமான். பெரிய கொம்பு, பெரிய உடம்பு, வாயில் மட்டும் எப்போதும் ஒரே சொல்.

"பார்க்கலாம்" என்றார்.

"என்னத்தைப் பார்க்கிறது? இன்னும் எட்டு நாள்தானே இருக்கு?"

"எண்ணெய் இல்லேன்னா எல்லோரும் வாய்க்குள்ள போகணும், பூளை. ஒருத்தன் போனா மத்தவங்க பிழைப்போம். நான் என்ன பண்ணட்டும்? பார்க்கலாம்."

வாகை தன் மெலிந்த காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பூளை அவனை ஒட்டி நின்றுகொண்டாள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் ஆலமரத்தடியில் கூடினார்கள். ஆளாளுக்கு அழுதார்கள். அப்போது மைனா கிளையில் நகர்ந்து உட்கார்ந்தாள். மைனாவுக்குக் கதை கட்டாவிட்டால் சாப்பிட்டது செரிக்காது.

"கடல் நடுவுல ஒரு தீவு" என்று ஆரம்பித்தாள். "அங்கே நண்டுங்க மட்டும்தான் இருந்துச்சு. அதுங்களுக்கு நெருப்பு வேணும்னா கடற்காக்கா கொண்டுவந்து கொடுக்கணும். ஒரு நண்டுக்கு அது பிடிக்கலை. அது என்ன பண்ணிச்சு தெரியுமா? தன் கரையில கிடந்த ஒரு கல்லைக் கொடுக்கால தட்டி, 'உன்கிட்டே என்ன இருக்கு?'ன்னு கேட்டுச்சு. கல்லு பேசலை. ரெண்டாவது கல்லைத் தட்டிச்சு. அதுவும் பேசலை. மத்த நண்டெல்லாம் சிரிச்சுது. தட்டித் தட்டி ஒரு கொடுக்கே உடைஞ்சு போச்சு. இன்னொரு கொடுக்கால தட்டிச்சு. நூத்தியோராவது கல்லு இருக்கு பாருங்க, அது வாயைத் திறந்துச்சு. 'இத்தனை நாளா ஒருத்தரும் கேக்கலியே!'ன்னு சொல்லுச்சு. அது வாய்க்குள்ளே நெருப்பு ஜொலிச்சுது. அன்னியிலேருந்து அந்தத் தீவுக்குக் கடற்காக்கா வரவே இல்லை."

கேட்டவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கருங்குரங்கு மட்டும் துள்ளி எழுந்தான். அவன் எதைக் கேட்டாலும் கேட்டபடியே செய்கிறவன்.

"ஆஹா! இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

மறுநாள் காலையில் காடெங்கும் 'டொக், டொக்' என்று சத்தம். கருங்குரங்கு ஒரு கல்லை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்ட கல்லையெல்லாம் தட்டினான். "உன்கிட்டே என்ன இருக்கு?" என்று ஒவ்வொன்றையும் கேட்டான். மேகத்துக்குள்ளிருந்து அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தபோது கேட்டவர்களுக்கு மயிர் சிலிர்த்தது. நூற்றியோராவது கல்லைத் தட்டிவிட்டுக் காதை அதன் மேல் வைத்துப் படுத்தான். கல் கல்லாகவே இருந்தது.

"பொய்! கதை முழுக்கப் பொய்!" என்று கல்லை வீசி எறிந்துவிட்டுப் போனான்.

பூளை மைனாவைத் தேடிப் போனாள்.

"அக்கா, அந்தத் தீவு எங்கே இருக்கு?"

மைனா தலையைக் குனிந்துகொண்டாள். "தீவும் இல்லை, நண்டும் இல்லை, பூளை. எல்லோரும் அழுதுட்டு இருந்தீங்களேன்னு நானா கட்டிவிட்டேன். என்னை மன்னிச்சிடு."

"இல்லேன்னா போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முதல் கல்லு பேசாதப்போ அந்த நண்டு ஏன் வீட்டுக்குப் போகலை?"

"போயிருந்தா கதை முடிஞ்சிருக்குமே!"

பூளை திரும்பி நடந்தாள். நம்முடைய கதையும் முடியக் கூடாது என்று நினைத்தாள். நண்டு தட்டியது கல்லை. அது நண்டின் தீவில் இருந்தது. நம்ம காட்டில் இருப்பது எதையாவது நாம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

அன்றிலிருந்து பூளை கேட்க ஆரம்பித்தாள். வாயால் அல்ல, மூக்கால். வேங்கைப் பிசினை மோந்தாள், விளக்கில் வைத்தாள். படபடவென்று பொரிந்து அணைந்தது. தேன்மெழுகை வைத்தாள். நன்றாக எரிந்தது, ஆனால் காட்டில் இருந்த தேனடை எல்லாம் சேர்ந்து ஒரு வேளைக்குக் காணாது. ஆமணக்கு தேடினாள், அந்தக் காட்டில் இல்லை. காய், பட்டை, வேர் என்று நாற்பது ஐம்பது பார்த்திருப்பாள். கண்டதைக் கடித்து நாக்கு வீங்கிப் போயிற்று.

"விட்டுடு, பூளை. இருக்கிற நாளை என்கூட இரு" என்றான் வாகை.

"எட்டு நாள் போதாதுங்க எனக்கு" என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுதுவிட்டு மறுபடி போனாள்.

ஐந்தாம் நாள் மதியம் அவள் சுனைப் பாதையில் வந்துகொண்டிருந்தாள். எண்ணெய் குறைந்துவிட்டது என்று ஒன்றுவிட்டு ஒன்றுதான் விளக்கு எரிந்தது. அவள் கண்ணெதிரிலேயே அடுத்த விளக்கும் சிமிட்டி அணைந்தது.

சுற்றிலும் வெள்ளை. பின்னால் திரும்பினாள். அங்கேயும் வெள்ளை. வலது காலை வைத்தாள், முட்டிவரை சில்லென்று இறங்கியது. காலை உருவிக்கொண்டு இடது பக்கம் தாவினாள். எங்கேயோ பக்கத்தில் 'களக்' என்றது. யாரும் விழாமலேயே வாய் குமிழி விட்டது!

தரை கெட்டியாக இருந்த திசையில் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாள். நின்று மூச்சு வாங்கியபோதுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று உறைத்தது.

'தட்.'

அவள் முதுகில் ஏதோ விழுந்தது.

'தட்... தட்.'

கல்லெறி மரம்!

அந்தக் காட்டில் யாரும் அந்த மரத்துப் பக்கம் போக மாட்டார்கள். வாயில் மூழ்கினவர்கள் அந்த மரத்தில் ஏறி நின்று கல் எறிகிறார்கள் என்று பேச்சு. தப்பித் தவறி அந்த வழியாகப் போக நேர்ந்தால் தலையைக் குனிந்து, ஒரு சொல் பேசாமல், ஓடிவிட வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் அவர்கள் முகம் தெரியும். முகம் தெரிந்தால் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதுதான் வழக்கம். பாட்டன் காலத்திலிருந்து ஒருவர்கூட நிமிர்ந்ததில்லை.

பூளையும் தலையைக் குனிந்தாள். ஓடக் காலை எடுத்தாள்.

கீழே கிடந்த 'கல்' அவள் மூக்குக்கு நேராக இருந்தது. மூக்கு சும்மா இருக்குமா? மோந்தது. வாய் சும்மா இருக்குமா? கடித்தது. ஓடு உடைந்தது. ஒரே கசப்பு! ஆனால் துப்பிய பிறகும் உதடு வழவழவென்று இருந்தது.

கல்லில் ஏது எண்ணெய்ப் பசை? பூளை மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

மேலே, மேகத்துக்குள், நூறு நூறு முகங்கள் தலைகீழாகத் தொங்கின.

"யாரு..." என்றது ஒரு முகம்.

"நிமிர்ந்து..." என்றது இன்னொன்று.

"பார்த்தது?" என்றது மூன்றாவது.

பூளைக்கு ஓடிவிடத்தான் தோன்றியது. இருந்தும் கேட்டாள். "நீ... நீங்கல்லாம் வாயில விழுந்தவங்களா?"

 கிளையெல்லாம் குலுங்கியது. முகங்கள் சிரித்தன.

"வௌவால், தாயி, நாங்க! மேகம் இருட்டிக் கிடக்கு, அதனால பகல்லயே பழம் தின்னுக்கிட்டு இருக்கோம். தோலையும் சதையையும் தின்னுட்டுக் கொட்டையைத் துப்புறோம். உன் மேல விழுந்துச்சா?"

"இது கல்லு இல்லையா?"

"இலுப்பைக் கொட்டை. மரத்துக்குக் கீழே எத்தனை வருஷத்துக் குவியல் கிடக்கு பாரு. இத்தனை பேரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடுறாங்களே, என்னன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கலியே!"

மைனாவின் நூற்றியோராவது கல் சொன்ன அதே வார்த்தை! பூளைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கொட்டைகளைத் தேக்கிலையில் அள்ளிக் கட்டிக் கவ்விக்கொண்டாள். வௌவால்கள் மேலே கீச்சிட்டு வழி சொல்ல, தன் பாறை இடுக்குக்கு வந்து சேர்ந்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு சுகம்! முடியவில்லையே.

புதுக் கொட்டையைப் பாறையில் நசுக்கினாள். பால் போல ஒரு நீர் வந்தது. விளக்கில் ஊற்றித் திரியைக் காட்டினாள். 'சொய்' என்று புகைந்து அணைந்தது.

பார்த்துக்கொண்டிருந்த கருங்குரங்கு கைகொட்டிச் சிரித்தான். "நான் நூத்தியொண்ணு தட்டினேன். நீ எத்தனை தட்டப் போறே?"

"நீங்க நூத்தியொண்ணுல நிறுத்தினீங்க. அந்த நண்டு கதையில எண்ணிக்கிட்டா தட்டிச்சு?" என்றாள் பூளை. சொல்லிவிட்டு மீதிக் கொட்டையை மோந்து பார்த்தாள். பழைய குவியலிலிருந்து வந்த ஒன்று மட்டும் காய்ந்து, நல்ல எண்ணெய் வாசனையோடு இருந்தது. ஈரம்தான் குற்றவாளி! ஆனால் மேகம் மூடிய காட்டில் எதைக் காயவைப்பது? பழைய குவியலும் அடியெல்லாம் ஈரமாகத்தானே கிடக்கும்?

நேராகக் கரடியாரின் குகைக்குப் போனாள். கரடியாரைப் போல ஒரு சோம்பேறி மூன்று காட்டில் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

"கரடியண்ணே, ஒரு உதவி."

"எழுந்திருக்கணுமா?"

"வேண்டாம். நீங்க படுத்தே இருக்கணும். இந்தக் கொட்டை மேல."

"அட! இந்த மாதிரி வேலையை இத்தனை நாளா ஏன் யாரும் எனக்குக் கொடுக்கலை?" என்று கரடியார் உருண்டு படுத்தார்.

வாகையும் பூளையும் வாய் வலிக்க வலிக்க இலுப்பைக் கொட்டை சுமந்தார்கள். மைனா ஊரைக் கூட்டினாள். கல்லெறி மரமென்றதும் பாதிப் பேர் ஓடினார்கள். மீதிப் பேர் தலையைக் குனிந்தபடியே வந்து, மரத்தடியில் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்து, வெட்கப்பட்டுச் சிரித்தார்கள்.

"கருங்குரங்கண்ணே, உங்களுக்குத் தட்டறதுதானே நல்லா வரும்?" என்றாள் பூளை. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு கல்லை எடுத்தான். கொட்டைகளைத் தட்டி ஓடு நீக்கிப் பருப்பைக் குவித்தான்.

மூன்று நாள் கரடியாரின் உடம்புச் சூட்டில் பருப்பு மொறுமொறுவென்று காய்ந்தது. எட்டாம் நாள் காலையில் அதை நசுக்கி இரண்டு தட்டைப் பாறைக்கு நடுவில் பரப்பினார்கள். மேல் பாறையின் மீது கரடியார் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தூங்கியும் விட்டார்.

எல்லோரும் பாறை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. வாகை ஆற்றுத் துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பூளை மட்டும் பார்வையை எடுக்கவில்லை.

விளிம்பில் ஒரு துளி திரண்டது. மஞ்சளாக, கெட்டியாக, தொங்கிக்கொண்டே நின்றது. விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

அதே நேரம் மேகத்துக்குள்ளிருந்து அந்த மரியாதையான குரல் வந்தது.

"வணக்கம். அனைவரும் நலம்தானே? சருகுமான் இளைஞர் தயாரா?"

கடம்பைமானும் மற்றவர்களும் துறைக்கு ஓடினார்கள். துறை முழுக்க இருட்டு. மிதவை தண்ணீரில் அசையாமல் நின்றது. கடம்பைமான் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... இந்தத் தடவை எண்ணெய் வேண்டாம்னு..."

"வேண்டாமா?" நீர்க்காகம் இறக்கையை மெல்ல மடக்கியது. "விலையைப் பற்றிக் கவலை வேண்டாம். வேறு ஒருவரை வேண்டுமானாலும் அனுப்பலாம். நீங்கள் இருட்டில் வாழ முடியாதே. பதினேழு குமிழிகள் நினைவில்லையா?"

கடம்பைமானின் கால் பின்னால் போனது. "பார்க்க..." என்று ஆரம்பித்தார்.

"பார்க்கத்தான் போறோம், தலைவரே!" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். பூளை வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கருங்குரங்கு. அவன் கையில் ஒரு சிரட்டை. சிரட்டையில் ஒரு திரி. திரியில் ஒரு சுடர், சிறியதுதான், ஆனால் நிமிர்ந்து எரிந்தது.

"துறையில் விளக்கு கூடாது!" நீர்க்காகத்தின் குரலில் மரியாதை போய்விட்டது. "எசமானருக்கு வெளிச்சம் ஆகாது!"

"உங்க எசமானர் அக்கரையிலதானே இருக்காரு? இந்தச் சின்ன வெளிச்சம் அங்கே எப்படி எட்டும்?" பயத்தோடே பூளை தண்ணீர் விளிம்புக்கு நடந்தாள்.   "அண்ணே, விளக்கைத் தண்ணிக்கு மேல காட்டுங்க."

கருங்குரங்கு குனிந்து விளக்கை நீட்டினான். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் ஆயிற்றே!

மிதவைக்குக் கீழே தண்ணீரில் இரண்டு கண்கள் இருந்தன.

கண்களுக்குப் பின்னால் மிதவையைவிட நீளமான ஒரு முதுகு. கண்களுக்கு முன்னால் ஒரு வாய். ஒவ்வொரு முறையும் மிதவையைச் சுமந்துகொண்டு வந்து, இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு காலமாக, சத்தம் போடாமல் கிடந்தது ஒரு முதலை.

துறையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"எண்ணெய் ஆட்ட ஆள் கேட்டீங்களே" என்றாள் பூளை. அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. "எங்க முயல் எங்கே? கௌதாரி எங்கே? பன்றி எங்கே? நான் சொல்லட்டுமா? தின்னது போக மிச்சக் கொழுப்பை உருக்கி எங்களுக்கே கொண்டுவந்து கொடுத்தீங்க. எங்க ஆளுங்களை நாங்களே திரி போட்டு எரிச்சிருக்கோம்!"

நீர்க்காகம் இறக்கையை மறுபடி விரித்தது. பிறகு மறுபடியும் பழைய மரியாதைக் குரலில் சொன்னது:

"எங்கள் எண்ணெய் எதிலிருந்து வருகிறது என்று இதுவரை நீங்கள் யாரும் கேட்கவில்லையே."

முதலை கண்ணை மூடிக்கொண்டது. வெளிச்சம் அதற்குப் பழக்கமில்லை. மிதவை வந்தது போலவே, சத்தமில்லாமல், பின்னால் நகர்ந்து மேகத்துக்குள் போயிற்று. மிதவையிலிருந்து நழுவிய குடம் மட்டும் துறையில் மிதந்துகொண்டிருந்தது.

சுனைப் பாதையில் அன்று எல்லாப் பாறையிலும் இலுப்பை எண்ணெய் எரிந்தது. ஒன்றுவிட்டு ஒன்று அல்ல, எல்லாமே. கடம்பைமான் முதல் விளக்கின் கீழே நின்று தலையைக் குனிந்துகொண்டார். இந்த முறை அவர் "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. வாகை அவர் பக்கத்தில் போய் நின்றான்.

துறையில் மிதந்த குடத்தைக் கரைக்கு இழுத்தார்கள். உள்ளே பன்றியின் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. அதை யாரும் எரிக்கவில்லை. கல்லெறி மரத்தடியில் குழி தோண்டினார்கள். முயல், கௌதாரி, பன்றி என்று மூவர் பெயரையும் உரக்கச் சொல்லி, குடத்தோடு புதைத்தார்கள். வௌவால்கள் அன்றைக்கு மட்டும் கொட்டை துப்பவில்லை.

மறுநாள் விடியற்காலையில், எத்தனையோ நாளுக்குப் பிறகு, மைனா குரல் எடுத்துக் கத்தினாள். மற்றப் பறவைகளும் சேர்ந்துகொண்டன. மேகம் அப்படியேதான் படுத்திருந்தது. ஆனாலும் காட்டில் விடிந்தது தெரிந்தது.

"பூளை, நான் பொய்யாத்தான் சொன்னேன்" என்றாள் மைனா.

"நான் நிஜமாத்தான் கேட்டேன், அக்கா" என்றாள் பூளை.

நீதி: கதையில் வருகிற கல்லைத் தட்டாதே, கதையில் வருகிறவரைப் போல விடாமல் உன் மண்ணைத் தேடு, எதிலிருந்து வருகிறது என்று கேளாமல் அடுத்தவரிடம் வாங்குகிற வெளிச்சத்தில் கடைசியில் எரிவது நாம்தான்.